காடு என்று எழுதிய படிவம்

அன்றைக்குக் கூட்டம் பதினொரு மணிக்கு, வாசுதேவநல்லூர் சமுதாயக் கூடத்தில். நான் எட்டரை மணிக்கே சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு வந்து, ஜன்னலோரமாக இடம் பிடித்து, அறிக்கைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஆண்டு வேலை அந்தக் கட்டுக்குள் இருந்தது. பூ மூட்டைகளோடு ஏறிய ஒருவர் அதன் மேல் ஒரு சாக்கை வைக்கப் பார்த்தார். அவரை நான் பார்த்த பார்வையில் சாக்கு அவர் தலைக்கே திரும்பிப் போய்விட்டது.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் அரசுக்குச் சொந்தமான நீண்ட தரை ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே காப்புக்காடு. சுற்றுவட்டார ஊர்களில் செம்மறி வைத்திருப்பவர்கள் கார்த்திகை தொடங்கித் தை முடிய அந்த அடிவாரத்தில்தான் ஆடு மேய்ப்பார்கள். அந்த மூன்று மாதத்துக்கு வனத்துறை ஆண்டுதோறும் அனுமதிச் சீட்டு கொடுக்கும். ஆடு மேய்வதால் தரை கெட்டுப்போகிறதா, புல் மறுபடி முளைக்கிறதா, இல்லையா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் வனத்துறை, வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, ஆடு வைத்திருப்பவர்கள் என்று மூன்று தரப்பும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அடிவாரத்தில் அங்கங்கே கம்பிவேலி போட்டு சின்னச் சின்ன அடைப்புகள் வைத்தோம். அடைப்புக்குள் ஆடு போகாது. வெளியே போகும். உள்ளேயும் வெளியேயும் முளைக்கும் புல்லை எண்ணி எழுத வேண்டும். ஆட்டுக்காரர்கள் புல்லின் பெயரைச் சொல்வார்கள், நான் அதன் தாவரவியல் பெயரை எழுதுவேன். கொழுக்கட்டைப் புல்லையும் ஊசிப்புல்லையும் காய்ந்த பிறகு பிரித்துச் சொல்ல எனக்கு அவர்கள்தான் கண்.

புல் எண்ணுவது ஒரு பாதி. இன்னொரு பாதி படிவம். ஒவ்வொரு வீட்டிலும், எந்த மாதம் ஆடுகள் எங்கே மேய்கின்றன என்று கேட்டு நிரப்ப வேண்டும். ஆய்வுக்குத் தலைமை ஏற்றிருந்த பேராசிரியர் அதை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார். தமிழில் ஆக்கியது நான். ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி நிலையத்தில் யாரோ முன்பே ‘வனப்பகுதி’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்த மாதிரி ஆபீஸ் தமிழைக் கண்டாலே எரிச்சல். “வனப்பகுதின்னு கேட்டா எங்க ஊர்ல ஒருத்தருக்கும் புரியாது சார், மக்கள் பேசுற மாதிரி எழுதணும்” என்று பேராசிரியரிடம் சண்டை போட்டு, அதை அடித்துவிட்டுக் ‘காடு’ என்று எழுதினேன். காடு, வயல், குளத்தங்கரை–ரோட்டோரம், வீடு. நான்கு கட்டம். பார்க்கவே அழகாக இருந்தது. அந்தப் படிவத்தைப் பற்றி எனக்குக் கர்வமே உண்டு.

அந்தப் படிவங்களை எல்லாம் கணினியில் ஏற்றி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் முடிவை அனுப்பினார்கள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் ஆடுகள் காட்டில்தான் நிற்கின்றன என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. மூன்று மாதம் என்று அனுமதி வாங்கிவிட்டு ஆண்டு முழுக்க உள்ளே விடுகிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். இனிமேல் அனுமதி கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுக்க வனத்துறை ரேஞ்சருக்கு அந்த ஒரு பக்கம் போதும். அந்த முடிவை எடுக்கத்தான் இன்றைய கூட்டம்.

எனக்கு ஆட்டுக்காரர்கள் மேல் பயங்கரக் கோபம். இரண்டு வருடம் அவர்களோடு வெயிலில் அலைந்து, அவர்கள் தூக்குவாளியில் இருந்து கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறேன். என்னிடமே இப்படி மறைத்துவிட்டார்களே என்று ஒரு வாரமாக யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தத்தில் யார் பேசவில்லை என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

பேருந்து புறப்பட்டுப் புளியங்குடி ரோட்டில் திரும்பியபோது ஃபோன் வந்தது. மதினி. ஆட்டுக்காரர்களில் எனக்கு மிகவும் நெருங்கியவர்கள் ஒரு கணவன் மனைவி. அவரை அண்ணாச்சி என்றும் இவரை மதினி என்றும் கூப்பிடுவேன். நான் முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் அவர்களுக்கு நான் டீச்சர். கோபத்தில் எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது முறை அடித்ததும் எடுத்துவிட்டேன்.

“டீச்சர், கூட்டத்துக்கு அவுக வரக் கொஞ்சம் லேட்டாவும். காட்டுல நிக்காவ. ஆட்ட யார் பொறுப்புலயாவது விட்டுட்டுத்தான் வரணும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னைக்குமா மதினி? கூட்டத்த வச்சிக்கிட்டு இன்னைக்கும் காட்டுக்குள்ள விட்டிருக்கியளா?”

“ஏன், இன்னைக்கு என்ன? ஆட்டுக்கு வயிறு இல்லையா?”

“ஆவணி மாசம் அங்கன விடக்கூடாதுல்லா? ரேஞ்சர் பாத்தா என்ன ஆவும்?”

“ரேஞ்சரா?” மதினிக்கு நிஜமாகவே புரியவில்லை. “ரேஞ்சருக்கும் இதுக்கும் என்ன டீச்சர்? புளியங்குடி ரோட்டுல காத்தாடி நிக்குல்லா, அதுக்குக் கீழ்ப்பக்கம் சும்மா கெடக்க காடு. போன வருசம் பருத்தி போட்டிருந்தாங்கள்லா, அது. காட்டுக்காரரே வந்து, எருவுக்கு ஆட்டக் கிடை போடுங்கன்னு கூப்பிட்டாரு.”

காட்டுக்காரர். அந்தச் சொல்லில்தான் நான் நின்றேன். வனத்துறைக் காட்டுக்கு ஏது காட்டுக்காரர்? காட்டுக்காரர் என்றால் நிலத்தின் சொந்தக்காரர். காடு என்றால் மானாவாரி நிலம். மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற, வரப்பும் கிணறும் இல்லாத புஞ்சை. சங்கரன்கோவிலைச் சுற்றி எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் இந்த நிலத்துக்கு வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். மரமும் மிருகமும் இருக்கும் இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் மலை. பிறந்ததில் இருந்து நான் இதைக் கேட்டிருக்கிறேன். பேருந்து நிலையத்தில், சந்தையில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் லீவு கேட்கும்போதுகூட. ஆனால் எங்கள் வீட்டில் நிலம் கிடையாது. நான்கு தலைமுறையாகத் தறி. எங்கள் வீட்டுக்குள் காடு என்றால் பாடப்புத்தகத்துக் காடு. நான் மக்கள் பேசுகிற மாதிரி எழுதியதாக நினைத்தது என் வீட்டு மக்கள் பேசுகிற மாதிரி.

“டீச்சர், லைன்ல இருக்கியளா?” என்று மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து நின்று, “எறங்கணும், எறங்கணும்” என்று கத்தினேன். கண்டக்டர், “டிக்கெட்டு வாசுதேவநல்லூருக்குல்லா எடுத்திய?” என்றார். கட்டைத் தூக்கிக்கொண்டு காற்றாலைக்குப் பக்கத்தில் இறங்கினேன். மணி ஒன்பது பத்து.

ரோட்டில் இருந்து பார்த்தாலே ஆடுகள் தெரிந்தன. காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. போன வருடத்துப் பருத்திக் கட்டைகளுக்கு நடுவே அண்ணாச்சி தலைத்துண்டை வாய்க்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். நான் அறிக்கைக் கட்டோடு ஓடி வருவதைப் பார்த்து அவரும் எதிரே ஓடி வந்தார். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

மூச்சு வாங்கிக்கொண்டே, “அண்ணாச்சி, சித்திரை மாசம் ஆடு எங்க நிக்கும்?” என்று கேட்டேன்.

“இதக் கேக்கவா இந்த ஓட்டம் ஓடி வாரிய?”

“சொல்லுங்க. சித்திரை.”

“சித்திரை, வைகாசி வயக்காட்டுல கிடை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசனத்துல நெல்லு அறுத்திருப்பாங்கள்லா? ஆனி, ஆடி, ஆவணி இந்த மாதிரிக் காடுக. பொரட்டாசி வெதப்பு. ஐப்பசி முடிய கொளத்தங்கர, ரோட்டோரம். கார்த்திகைக்குக் காட்டுல வெள்ளாம எழும்பிரும். அதுக்குப் பொறவு மல. தை கழிச்சு, அறுப்பு முடிஞ்சா மறுபடி காடு.”

வயல், காடு, குளம், மலை. அவர் அன்று படிவத்துக்கும் இதையேதான் சொல்லியிருப்பார். அவர் காடு என்றபோது நான் காடு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். மலை என்றபோது மலைக்குத் தனிக் கட்டம் இல்லை. மலையும் காடுதானே என்று அதே கட்டத்தில் டிக் அடித்தேன். வீடு வீடாக, எல்லாருக்கும் அப்படியே. கை வேலை செய்திருக்கிறது, காது வேலை செய்யவில்லை. அந்தப் படிவங்களில் டிக்கும் அடியில் கைநாட்டும் தவிர வேறு எதுவும் கிடையாது. அவர்கள் சொன்ன வார்த்தை எங்கேயும் எழுதப்படவில்லை. இன்றைக்குத் திருத்த வேண்டுமென்றால் என் வாய்தான் சாட்சி.

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு டீச்சர்?”

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, அல்லது கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வருடம் முழுக்க ஆட்டை மலையில் விடுவதாக எழுதியிருக்கிறது, இதை வைத்து இந்த வருடம் அனுமதியை நிறுத்தப் போகிறார்கள் என்று பட்டென்று சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதுலயா எங்கிட்ட கைநாட்டு வாங்குனிய?”

“தப்பு என்னுது அண்ணாச்சி. நான் அங்க சொல்லுதேன். நீங்க வந்து இப்பச் சொன்னத அப்படியே சொன்னாப் போதும்” என்றேன். அவர் ஆட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த பேருந்து வரும்வரை ரோட்டோரத்தில் நின்று, அவர் சொன்ன மாதங்களை அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதினேன். காற்றில் தாள் படபடத்ததில் என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். பேராசிரியர் முன்வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரைக்குப் பதிலாக யாரோ கட்டிய வேட்டியில் படம் நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர். நல்ல மனிதர். அவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

“எங்க ஊர்ல வயல்னா வயல், காடுன்னா காடு. உங்க ஊர்ல ஏன் இப்படி?”

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எத்தனை படிவம்?”

“எல்லாம் சார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “ரெண்டு வருஷம்மா” என்றார். பிறகு மெதுவாக, “இன்னைக்கு இருக்கறதைக் காட்டிடுவோம். இறுதி அறிக்கையில திருத்திக்கலாம். இப்போ போய் எல்லாமே தப்புன்னு சொன்னா, புல் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாங்க” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இறுதி அறிக்கை வர இன்னும் எட்டு மாதம். அதற்குள் கார்த்திகையும் தையும் போய்விடும். கூடத்தின் பின்பக்கம் ஆட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். மதினியும் வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணாச்சி இன்னும் வரவில்லை.

“சார், திருத்துற வரைக்கும் ஆடு எங்க நிக்கும்?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் முகம் சிவந்துபோய், “அப்போ நீங்களே சொல்லிக்கங்க. நான் சொல்ல மாட்டேன்” என்றார். அவர் என்னைத் தடுக்கவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

ரேஞ்சர் வந்தார். வணக்கம், தண்ணீர் பாட்டில், டீ எல்லாம் முடிந்தது. பேராசிரியர் புல் கணக்கைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் படம் வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“இந்தப் படம் தப்பு சார். தப்பு பண்ணினது நான்” என்று தொடங்கி, காடு என்ற சொல்லை விளக்கினேன். பாதியிலேயே பின்வரிசையில் சலசலப்பு. “என்னது, மலையையா காடுன்னு எழுதினாங்க?” என்று ஒருவர். “அப்பமே நெனச்சேன், நாலு கட்டத்துல மலையக் காணமேன்னு” என்று இன்னொருவர். அப்போதே நினைத்தவர் அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ரேஞ்சர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மேடம், நீங்க இவங்களோட ரெண்டு வருஷமாப் பழகறீங்க. முடிவு இவங்களுக்குப் பாதகமா வந்ததும் மாத்திச் சொல்லலைன்னு நான் எப்படி நம்பறது?”

அதில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். “இப்பவே கேளுங்க சார். என் படிவம் வேண்டாம். நீங்களே மாசத்தச் சொல்லிக் கேளுங்க” என்றேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார். காலில் செம்மண், தலையில் பஞ்சுத் தூசி. ரேஞ்சர் வாசலில் நின்றவரையே முதலில் கேட்டார். “வாங்க. மார்கழி மாசம் ஆட்டை எங்க விடுவீங்க?”

வயல், காடு, குளம், மலை என்று மனதுக்குள் நான் எண்ணிக்கொண்டேன். சொல்லுங்கள் அண்ணாச்சி, மலை என்று சொல்லுங்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், வேட்டியில் விழுந்திருந்த படத்தைப் பார்த்தார், ரேஞ்சரின் சட்டைத் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார்.

“மலைக்கா சார்? நாங்க அந்தப் பக்கமே போறதில்ல.”

ரேஞ்சர் பேனாவை மேசையில் வைத்தார். “போன வருஷம் அனுமதிச் சீட்டுல நான்தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் உங்களுக்கு?”

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவரைப் பயமுறுத்தியது நான். பருத்திக் கட்டைகளுக்கு நடுவே நின்று, மலையில் ஆடு விட்டதாக எழுதியிருக்கிறது, அதனால் நிறுத்தப் போகிறார்கள் என்று சொன்னால், ஒரு மனிதர் வேறென்ன சொல்லுவார்? இனி இந்தக் கூடத்தில் யார் எது சொன்னாலும் எடுபடாது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது பின்வரிசையில் இருந்து மதினி எழுந்தார்.

“அவுக பயந்துட்டாவ சார். போறோம். கார்த்திகைல இருந்து தை முடிய மலையடிலதான் நிக்கோம். காட்டுல வெள்ளாம நிக்கையில வேற எங்கன போவ? மாசி பொறந்தா ஒரு நாள் நிக்க மாட்டோம். இதுதான் நெசம்.”

ரேஞ்சர், “இப்போ அவர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. எதை எடுத்துக்கறது?” என்றார்.

அண்ணாச்சி மதினியைப் பார்த்து, “ஏட்டி, உக்காரு” என்றார். அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்கு அப்போது புரியவில்லை.

“பொய் சொல்லுதவ இதச் சொல்ல மாட்டா சார்” என்றார் மதினி. “போன மார்கழில, ஓடைக்கு வடக்க இருக்க அடைப்புல, வேலியத் தூக்கி ஆட்ட உள்ள விட்டோம். நாலு நாளு. குட்டி போட்ட ஆடுக, பால் இல்ல. வெளிய புல்லு தீஞ்சு போச்சு. உள்ள முழங்கால் ஒசரம் நின்னுச்சு. நாந்தான் கம்பியத் தூக்கிப் பிடிச்சேன். டீச்சருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். அந்த அடைப்பில் புல் குறைந்திருந்ததைப் பார்த்து, முயல் புகுந்திருக்கும் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தேன்.

ரேஞ்சர் மற்றவர்களை ஒவ்வொருவராக மாதத்தைச் சொல்லிக் கேட்டார். மதினி சொன்ன பிறகு யாருக்கும் ஒளிக்கத் தோன்றவில்லை. வயல், காடு, குளத்தங்கரை, மலை. கொஞ்சம் முன்னே பின்னே, எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அவர் தானே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, “சரி. வழக்கம்போல மூணு மாசம். படிவத்தை முழுசா மறுபடி எடுங்க” என்று பேராசிரியரிடம் சொன்னார். பின்வரிசை மூச்சு விட்டது. ஒருவர் கைதட்டக்கூடப் போனார்.

“அந்த அடைப்பு விஷயம்” என்று ரேஞ்சர் தொடர்ந்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆய்வு தொடங்கிய நாளில் எல்லாரும் சேர்ந்து பேசி ஒப்புக்கொண்ட தாள் ஒன்று உண்டு. வேலியைத் தொட்டவர்களுக்கு அடுத்த ஓர் ஆண்டு அடிவாரத்தில் இடம் இல்லை. வனத்துறை கேட்ட விதி அல்ல அது. ஒருவர் செய்தால் எல்லாருக்கும் கெட்ட பெயர் வரும் என்று ஆட்டுக்காரர்களே கேட்டுப் போட்டது. மதினிக்கும் அது தெரியும். தெரிந்துதான் எழுந்திருக்கிறார்.

“சார், தப்பு என் படிவத்துல. அவங்க இதச் சொல்லவேண்டி வந்ததே என்னாலதான்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயதில், அத்தனை பேருக்கு நடுவில்.

“உங்க தப்பு வேற மேடம், இது வேற” என்றார் ரேஞ்சர். குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னார். ஆட்டுக்காரர்கள் யாராவது எழுந்து, போகட்டும் சார் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. இப்போதுதான் கிடைத்த மூன்று மாதத்தை யாரும் பணயம் வைக்கத் தயாராக இல்லை. அண்ணாச்சி செருப்பைத் தேடி வெளியே போய்விட்டார். மதினி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவர் பின்னால் போனார். என்னைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை.

பேராசிரியர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திரும்பும் வழியில், “பரவாயில்லை, நல்லதுக்குத்தான்” என்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் நியாயமில்லாதது. ஐந்து கட்டம் வைத்துப் புதிய படிவம் அடித்தோம். மறுபடி வீடு வீடாக நடந்தேன். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். அண்ணாச்சி வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டு, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, மார்கழியில்தான் போனேன்.

சுற்றிலும் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. வீட்டுப் பின்னால் முள் அடைத்த பட்டிக்குள் குட்டிகளும் சினை ஆடுகளும் மட்டும். அண்ணாச்சி மற்ற ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போயிருந்தார். கோவில்பட்டிக்கும் அந்தப் பக்கம் எங்கேயோ என்று மட்டும் தெரியும், இரண்டு நாளாக ஃபோன் கிடைக்கவில்லை. மதினி வேப்பங்குழையையும் காய்ந்த சோளத்தட்டையையும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஆடுகள் அதை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றன. ஓர் ஆட்டின் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

“மதினி, என்ன மன்னிச்சிருங்க” என்றேன். நான்கு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது அவ்வளவுதான் வெளியே வந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு சிமென்ட் சாக்கை உதறி எனக்குப் போட்டார். தானும் எதிரே உட்கார்ந்தார்.

“ஒங்க தப்ப நீங்க சொன்னிய. எங்க தப்ப நாஞ் சொன்னேன். ஒங்க வேல ஒங்களுக்கு இருக்கு. எங்களுக்கு மல போச்சு.” அதில் குத்தல் இல்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். “சரி, கேளுங்க. கேக்கத்தான வந்திய?”

படிவத்தை எடுத்தேன். சித்திரையில் தொடங்கி ஒவ்வொரு மாதமாகக் கேட்டேன். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதினேன். ஐப்பசி முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

“என்ன, நின்னுட்டிய? கார்த்திகை, மார்கழி, தை. அதையும் கேக்கணும்லா?”

“இந்த வருசம் ஆடு எங்க மேயுது மதினி?”

அவர் பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இதுக எங்கனயும் மேயல்ல. அப்படியே எழுதிக்கிடுங்க.”

எழுதிக்கொண்டேன்.